பீதிக்குப் பின் ஒற்று மிகுமா?

அலுவலகத்தில் அவருக்கு அகராதி என்று பெயர். எதிரே நிற்கும்போது அதற்குச் சொற்களஞ்சியம் என்று பொருள். அவர் முதுகைக் காட்டியதும் திமிர் பிடித்தவன் என்று பொருள். இரண்டு பொருளும் தமக்குப் பொருந்தும் என்பது அவருக்கும் தெரியும். மருத்துவக் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவருடைய தொழில். அடுத்தவர் வாக்கியத்தில் ஒரு பிழையைப் பார்த்துவிட்டால் பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி. எடுத்துத் துப்பினால்தான் அடுத்த வேலை ஓடும்.

இந்த ஆண்டு அவரிடம் வந்து சேர்ந்த நூலுக்கு ‘பதற்றக் கோளாறுகளும் அவற்றின் வகைகளும்: பொதுமக்களுக்கான எளிய அறிமுகம்’ என்று பெயர். எளிய அறிமுகம் என்பதால் அதற்கொரு சொல்லாய்வுக் குழு போட்டார்கள். கடினமான நூலுக்கு யாரும் குழு போடுவதில்லை. அது யாருக்கும் புரியாது, ஆகையால் யாரும் குறை சொல்லவும் முடியாது.

முதல் இரண்டு இயல்களை அகராதி வழக்கம்போல மொழிபெயர்த்தார். மூன்றாம் இயலில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு போதாது, விரல்கள் மரத்துப்போகும், இதோ செத்துவிடுவோம் அல்லது புத்தி பேதலித்துவிடும் என்று தோன்றும், சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறித் தானாக இறங்கும், இதயப் பரிசோதனையில் ஒன்றும் இருக்காது, அதன்பிறகு அந்த ஆள் அடுத்தது எப்போது வருமோ என்கிற பயத்திலேயே காலம் தள்ளுவார் என்று எழுதியிருந்தது. ஊர் பேர் தெரியாத எவனோ தன் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனதுபோல் அவருக்கு இருந்தது.

அவர் வீட்டில் இதற்கு ‘வாயு’ என்று பெயர். வந்தால் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். இதய மருத்துவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக அவர் நெஞ்சில் ஒயரை ஒட்டி, காகிதத்தை உருவிப் பார்த்து, “கல்லு மாதிரி இருக்கு சார் உங்க ஹார்ட்” என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். தீ, தீ என்று கத்தித் தெருவைக் கூட்டிவிட்டு, அடுப்பைக் காட்டிய ஆளைப்போல் அவர் தலைகுனிந்து வீடு திரும்பினார். ஆக, மற்ற நூல்களை என்ன செய்வாரோ அதையேதான் இதையும் செய்தார். பிழை திருத்தினார், யாரிடமும் பேசவில்லை.

பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி. பழைய பதிப்பாசிரியர் ஓய்வு பெற்றதிலிருந்து அகராதிதான் ‘பொறுப்புப் பதிப்பாசிரியர்’. அதாவது பொறுப்பெல்லாம் இவருக்கு, பதிப்பாசிரியர் யாருமில்லை. கையேடு முடிந்ததும் பதவியை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம். அகராதி இரண்டு கூட்டங்களில் பாதியில் எழுந்து ஓடியிருக்கிறார். முதல் தடவை பெரியப்பா இறந்துவிட்டார். இரண்டாம் தடவை அவசரத்தில் வேறு ஆள் நினைவுக்கு வராமல் அதே பெரியப்பா மறுபடியும் இறந்துவிட்டார்.

“உங்க பெரியப்பா ரொம்ப விடாப்பிடியான ஆளா இருக்காரே” என்றார் மேலாளர். “பரவால்ல. கடைசிக் கூட்டத்துல முழுசா உக்காருங்க. பதிப்பாசிரியர்னா யாரு? உக்காரத் தெரிஞ்சவன். அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.”

உட்காருவதற்கு அகராதி ஒரு வித்தை வைத்திருந்தார். எல்லாருக்கும் முன்னால் வந்து கதவோரத்து நாற்காலியைப் பிடித்துவிடுவார். அந்தக் கூட்ட அறை முன்பு பழைய காகிதம் போட்டு வைத்த அறை. மேசையோ வேறொரு பெரிய அறைக்காக வாங்கியது. அறைக்குள் மேசையைப் போட்ட பிறகு மனிதர்களுக்கு மிச்சமிருந்த இடம் கொஞ்சம்தான். சுவரோரம் உட்காருபவர்கள் பேருந்தின் ஜன்னல் இருக்கைக்குப் போவதுபோல் ஒருவர் முழங்காலை ஒருவர் இடித்துக்கொண்டு நுழைய வேண்டும். உள்ளே போனவர் வெளியே வர வேண்டுமென்றால் வரிசையே எழுந்து நிற்க வேண்டும்.

அன்றைக்கும் முதலில் வந்தார். ஆனால் கதவோர நாற்காலியில் ஒரு தோல்பை உட்கார்ந்திருந்தது. அதன் பின்னாலேயே குழுத் தலைவர், ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், நுழைந்தார்.

“அந்தப் பக்கம் ஏசி காத்து நேரா பிடரியில அடிக்குதுப்பா. நான் இங்கயே இருந்துக்கறேன். நீ இளவட்டம், உள்ள போ.”

ஐம்பதைத் தாண்டிய இளவட்டம் உள்ளே போனது. இடப்பக்கம் மனநல மருத்துவர் வந்து அமர்ந்தார். எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். கையில் பிஸ்கட் பொட்டலம். வலப்பக்கம் அவருடைய மைத்துனன் மடிக்கணினியோடு நுழைந்தான். மனைவியின் தம்பி. அதே அலுவலகத்தில் பக்க வடிவமைப்பாளன். சொற்களைத் தட்டச்சு செய்து திரையில் காட்டுவதற்காக முதல்முறையாகக் கூட்டத்துக்கு வந்திருந்தான்.

“என்ன அத்தான், மூலையில போய் ஒடுங்கிட்டீங்க?”

குடும்பத்துக்கே செய்தி வாசிப்பவன் அவன். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்த ஒன்றுவிட்ட சித்தி மருத்துவமனையில் எந்தப் படுக்கை, எல்லாம் விரல்நுனியில். இவனை வைத்துக்கொண்டு உறவில் ஒரு பூனையைக்கூடச் சாகடிக்க முடியாது.

மேல்மாடியில் யாரோ சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள். கர்ர்ர் என்று பல் கூசியது. எதிர் வரிசையில் இருந்த மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். பூட்டு ‘டக்’கென்று விழுந்தது. அந்த ‘டக்’ மற்ற எல்லாருக்கும் கதவில் கேட்டது. அகராதிக்கு மட்டும் தொண்டையில் கேட்டது.

தலைவர் தொண்டையைச் செருமினார். “ஒரு சொல்லைத் தவறாக வைத்தால் ஓர் இனமே தவறாக நோயுறும். நோய் வந்து போகும். பெயர் நிலைக்கும். ஆகவே…”

ஆகவே என்று அவர் தொடங்கியது முடிவதற்குள் டாக்டரம்மா இரண்டு பிஸ்கட் முடித்தார்.

முதல் சொல், ‘பொதுப் பதற்றம்’.

“இவங்களுக்கு எல்லாத்துக்கும் கவலை” என்று டாக்டரம்மா விளக்கினார். “பையன் லேட்டா வந்தா கவலை. சீக்கிரம் வந்தா ஏன் சீக்கிரம் வந்தான்னு கவலை. மாசக்கணக்கா இப்படியே. தூக்கம் வராது, தோளெல்லாம் இறுகிப் போகும்.”

“இது எங்க வீட்ல எல்லாருக்கும் இருக்கேம்மா” என்றார் மேலாளர்.

“அன்னாட வேலைய, வீட்டைக் கெடுக்குற அளவுக்கு இருந்தாத்தான் கோளாறு சார்.”

“கெடுக்குதே!”

அடுத்தது ‘சமூக அச்சம்’. நாலு பேர் பார்க்கும் இடத்தில் பேச, சாப்பிட, கையெழுத்துப் போடக்கூட உதறல் எடுக்கும். தன்னை எல்லாரும் எடைபோடுகிறார்கள் என்று தோன்றும் என்றார் டாக்டரம்மா.

“மேடைக் கூச்சம்” என்று தலைவர் தள்ளிவிட்டார். “எனக்கு அது அறவே கிடையாது.”

“தெரியுதுங்க ஐயா” என்றான் மைத்துனன், திரையைப் பார்த்தபடி.

பல்லி, ஊசி, உயரம் என்று ஏதோ ஒன்றைக் கண்டு மட்டும் அலறுகிற ‘குறித்த அச்சம்’ தகராறில்லாமல் நிறைவேறியது. தலைவருக்குக் கரப்பான்பூச்சி ஆகாது என்பதும் தற்செயலாகக் குறிப்பில் ஏறியது, பிறகு நீக்கப்பட்டது.

அகராதி இதுவரை சமாளித்துவிட்டார். மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கதவுக்கும் தமக்கும் இடையில் இருக்கும் முழங்கால்களை மனதுக்குள் நகர்த்திப் பார்த்தார். வரவில்லை, வரவில்லை, இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டார். வாசலில் நின்று விருந்தாளியின் பெயரைச் சொல்லி இத்தனை முறை கூப்பிட்டால் எந்த விருந்தாளிதான் வராமல் இருப்பான்?

“அடுத்த சொல்” என்றார் தலைவர். “பீதி, தாக்குதல். இடையில் ஒற்று மிகுமா?”

நெஞ்சில் ஒரு தட்டு. பிறகு கதவை உடைப்பதுபோல் தடதடவென்று. காது அடைத்தது. எதிர்ச் சுவர் ஓரடி முன்னால் வந்து நின்றது.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு ‘த்’ போடணுமா வேணாமா, அவ்வளவுதானே ஐயா?”

“அவ்வளவுதானேவா!” தலைவருக்கு முகம் சிவந்தது. “பீதியும் தாக்குதலும் என்று விரித்தால் உம்மைத்தொகை. ஒற்று மிகாது. பீதியால் விளையும் தாக்குதல் என்றால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. மிகும். பீதியைத் தாக்குதல் என்று எவனாவது விரித்துவிட்டான் என்று வையுங்கள், நோயாளி திருப்பி அடிக்கிறான் என்று ஆகிவிடும்!”

“அடிச்சா நல்லதுதானே?” என்றான் மைத்துனன்.

அகராதியின் கைகள் மேசைக்கடியில் மரத்துக்கொண்டிருந்தன. மூச்சு பாதித் தூரம் போய்த் திரும்பி வந்தது. கழிப்பறை என்று சொல்லலாம். சொன்னால் வரிசையே எழ வேண்டும், தலைவர் “இப்போதா?” என்பார், மேலாளர் பேனாவை மூடி வைத்துவிடுவார். அந்தப் பேனாவுக்கு அடியில்தான் அவருடைய பதவி உத்தரவு கிடந்தது. போன் வந்ததாகச் சொல்லலாம். போன் எல்லார் கண்ணெதிரே மேசைமேல் செத்ததுபோல் கிடந்தது. உறவு? அப்பா வழியில் யாராவது? அம்மா வழியில்? பக்கத்திலேயே மைத்துனன் என்கிற சுகாதாரத் துறைப் பதிவேடு உட்கார்ந்திருக்கிறது.

“சொல்லு எதுவா இருந்தாலும் பரவால்ல” என்று டாக்டரம்மா அவர் தலைக்கு மேலே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். “இது ரொம்ப சாதாரணமா வர்றது. சொல்லப்போனா இந்த ரூம்லயே ஒருத்தருக்கு இருக்கலாம்.”

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். கடைசியில் நகம் கடித்துக்கொண்டிருந்த மைத்துனன்மீது பார்வைகள் போய் நின்றன. அவன் விரலை வாயிலிருந்து எடுத்தான். “எனக்கில்லைங்க. பசி.”

“மேலும், பீதி என்பதே நம் சொல்லா என்று பார்க்க வேண்டும்” என்று தலைவர் அடுத்த கதவையும் சாத்தினார். “நடுக்குறு பேரச்சம் என்று நான் ஒன்று யாத்து வைத்திருக்கிறேன். நம் அகராதி என்ன சொல்கிறார்? வாயே திறக்கவில்லையே இன்று?”

அகராதி வாயைத் திறந்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த சொற்கள் அங்கே இருந்தன. மருட்சி இருந்தது, கலக்கம் இருந்தது, திகில், வெருட்சி, பதைப்பு, எல்லாம் வரிசையில் நின்றன. ஒன்றுகூட முன்னால் வரவில்லை. வரிசையின் வாலில் அரைக்கால் சட்டையோடு நின்றிருந்த ஒன்று மட்டும் எல்லாரையும் தள்ளிக்கொண்டு ஓடி வந்தது.

“எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

துளைக்கும் சத்தம் மட்டும் மேலே எங்கோ.

தலைவர் கண்ணை மூடி, அதை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தார். “ம்ம். மக்கள் மொழி. எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது வாக்கியமாயிற்றே? தலைப்புச் சொல் பெயர்ச்சொல்லாக அல்லவா இருக்க வேண்டும்?”

“புது அணுகுமுறையா இருக்கே” என்றார் மேலாளர். “ஏம்ப்பா, அதைத் திரையில போடு, பார்ப்போம்.”

மைத்துனன் தட்டினான். சுவர்த் திரையில், குழந்தைகூடப் படிக்கும் பெரிய எழுத்தில், அகராதி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது வந்து நின்றது. அதன் வால்பக்கம் ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

“‘பயமா’ கொச்சை. ‘பயமாக’ என்று போடு. ‘இருக்கு’வை ‘இருக்கிறது’ ஆக்கு” என்றார் தலைவர். “பயம் வடசொல். ‘அச்சமாக’ என்று மாற்று. ‘எனக்கு’ தேவையில்லை. யாருக்கு என்பது இங்கே முக்கியமில்லை.”

எனக்கு என்பது ஒவ்வோர் எழுத்தாகத் திரையிலிருந்து அழிந்துகொண்டு வந்தது. அகராதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘எ’ மட்டும் மிச்சமிருந்தபோது மேசையில் கை அறைந்தது. அறைந்தது தம்முடைய கைதான் என்பது சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

“ஐயா, அது சொல் இல்ல. நான். நான்தான் பயப்படறேன். இப்ப. இந்த நிமிஷம். கதவைத் திறங்க.”

மேலாளர் பேனாவை மூடினார். “என்ன, மறுபடியும் பெரியப்பாவா?”

“எந்தப் பெரியப்பா?” மைத்துனன் நிமிர்ந்தான். “அத்தானுக்குப் பெரியப்பாவே கிடையாதே சார். இவங்கப்பாதான் மூத்தவர்.”

பிறக்கவே பிறக்காத ஓர் ஆள் இரண்டு முறை இறந்த கணக்கு மேலாளரின் முகத்தில் மெல்ல நேராகிக்கொண்டு வந்தது. அகராதிக்கு அதைப் பார்த்து வெட்கப்படக்கூட மூச்சு மிச்சமில்லை. சட்டைக் காலரை இழுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். நெற்றி வேர்வையைப் பார்த்தார், மடங்கிப்போன விரல்களைப் பார்த்தார். பிஸ்கட்டை வைத்தார்.

“எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க. கதவைத் திறங்க. யாரும் விசிற வேணாம். ஐயா, நீங்களும்தான்.”

தலைவர் குறிப்புத்தாளால் விசிறத் தொடங்கியிருந்தார். நிறுத்தினார். முழங்கால்கள் விலகின. கதவு திறந்தது. துளைக்கும் சத்தம் வெள்ளம்போல் உள்ளே பாய்ந்தது. சுவருக்கும் கதவுக்கும் இடையே ஓர் ஆள் ஓடுகிற அளவுக்கு வழி கிடந்தது. அகராதி பாதி எழுந்துவிட்டார்.

“போகணும்னா போங்க. யாரும் தடுக்கல” என்று டாக்டரம்மா காதருகே குனிந்தார். “இது உங்களைக் கொல்லாது. அது உங்களுக்கே தெரியும், நீங்கதானே எழுதினீங்க. வெளிய போனா உடனே நல்லா இருக்கும். ஆனா அடுத்த தடவை வர்றப்போ இந்த ரூம் இன்னும் சின்னதாயிருக்கும்.”

அதுவும் அவர் எழுதியதுதான். ‘தப்பித்து ஓடும் ஒவ்வொரு முறையும் ஓடிய இடத்தின் சுவர்கள் நெருங்குகின்றன.’ மூலத்தில் சப்பையாக இருந்ததை அவர்தான் இப்படிச் செதுக்கினார். செதுக்கிய அழகில் மயங்கி, ‘நெருங்கிவருகின்றன’வா ‘நெருங்குகின்றன’வா என்று ஒரு மாலை முழுக்க அலைந்தார். வாக்கியம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார்க்கத் தோன்றவில்லை. பேருந்தை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது, லிஃப்டை விட்டது, சினிமாவில் ஓரச் சீட்டு கிடைக்காவிட்டால் “படம் குப்பை” என்று மனைவியோடு திரும்பியது எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்து அந்த வாக்கியத்தில் உட்கார்ந்தன. மிச்சமிருந்தது இந்த அறைதான். இதற்கப்புறம் வீடு.

உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பெருமைக்கு. முழங்கால் அதற்குமேல் நிற்க மறுத்துவிட்டது என்பதுதான் நடந்தது.

நெஞ்சு அடித்தது. இன்னும் அடித்தது. உச்சியில் நின்று ஒரு சுற்று ஆடியது. டாக்டரம்மா மூச்சை மெதுவாக விடும்படி கையால் மட்டும் காட்டினார். பிறகு, யாரும் அனுமதி கொடுக்காமலே, அது இறங்க ஆரம்பித்தது. விரல்கள் திரும்பி வந்தன. எதிர்ச் சுவர் முனகிக்கொண்டே தன் இடத்துக்குப் போனது.

“பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்” என்றார் டாக்டரம்மா தாழ்ந்த குரலில். “கவனிக்கல பாருங்க.”

“நீங்க விளக்கிட்டு இருந்தீங்க” என்றார் அகராதி.

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் மேலாளரைப் பார்த்தார். துளைக்கும் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

“சார்! பெரியப்பா பொய்! ரெண்டு சாவும் பொய்! கதவு திறந்திருந்தா நான் உக்காருவேன்! அந்தக் கையெழுத்து…”

மேலாளர் உத்தரவை எடுத்தார். கோப்புக்குள் வைத்தார். கோப்பைப் பைக்குள் வைத்தார். “பார்க்கலாம்” என்றார்.

எந்த அகராதியிலும் சரியான பொருள் ஏறாத சொல் அது. இல்லை என்றால் எழுந்து போய்விடலாம். சரி என்றால் சாய்ந்து உட்காரலாம். பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் பார்க்கும்வரை நடுக்கூடத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அகராதி திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு, பூட்டிய சொல்லுக்குள் உட்கார்ந்திருந்தார்.

மேசைமேல் போன் துடித்தது. மைத்துனன் எட்டிப் பார்த்தான். “அக்கா.”

காலையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறாள். எடுக்காவிட்டால் தம்பிக்குப் போன் போடுவாள். எடுத்தார்.

“என்னங்க, கையெழுத்து ஆயிடுச்சா?”

“இல்ல!”

“என்னது? என்ன சத்தம் அங்க?”

“ஆகல! பார்க்கலாம்னு சொல்லிட்டார்!”

“ஏன்? யாரையாவது திருத்தினீங்களா?”

எல்லாரும் குறிப்புத்தாளைப் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் மட்டும் அவர் முகத்தையே பார்த்தான். அவனுக்கும் இரக்கம் இருந்தது. “வாயுன்னு சொல்லுங்க” என்று உதட்டை மட்டும் அசைத்தான். “வாயு. வா…யு.”

நல்ல சொல். இத்தனை காலம் நாணயமாக உழைத்த சொல். நாக்கின் நுனியில் வந்து நின்றது.

“பயம்!” என்றார் அகராதி.

“பழமா? என்ன பழம்? வாங்கிட்டு வரணுமா?”

“பழம் இல்ல! பயம்!”

“ஒண்ணும் கேக்கலங்க. வெளிய வந்து பேசுங்க!”

கதவு அங்கேதான் இருந்தது. விரியத் திறந்து. அகராதி ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“வெளிய வர மாட்டேன்! இங்கயே உக்காந்து சொல்றேன், கேளு! அது வாயு இல்ல! பயம்! யானையில வர்ற ய! ப, ய, ம்!”

வராந்தாவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். தலைவர் அவர்களைப் பார்த்து, இது சொல்லாய்வுக் குழு என்பதுபோல் தலையசைத்தார்.

போனில் அவளும் கத்தினாள்.

“எப்ப இருந்து?”

“ரொம்ப வருஷமா!” என்று கத்தினார் அகராதி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.